நான் ஓட்டினால் மட்டும் இருமும் வண்டி

என் மாமனாரின் கார் இருமத் தொடங்கியபோது முதலில் பாதிக்கப்பட்டவர் எதிர்வீட்டுக் காது டாக்டர். இன்ஜின் வெடித்த ஒரு வெடியில் அவர் வீட்டுச் சுவரில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் நின்றுவிட்டது. பல வருஷமாக நின்றுகிடந்த இன்னொரு கடிகாரம் ஓட ஆரம்பித்தது. சண்டை போடுவதா, நன்றி சொல்வதா என்று தெரியாமல் எங்கள் வாசல்வரை வந்து, கொஞ்ச நேரம் யோசித்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். நம்பாதவர்கள் அவரையே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் இப்போதெல்லாம் அவரிடம் சத்தமாகக் கேட்க வேண்டும்.

கார் என்னைவிட மூத்தது. தொந்தி விழுந்த முன்புறம், முழித்துப் பார்க்கும் விளக்குகள், சாத்தினால் பீரோவைப் பூட்டுவதுபோல் சத்தம் போடும் கதவுகள். மாமனார் அதைப் பெற்ற பிள்ளைகளைவிட ஒரு படி மேலே வைத்திருந்தார். மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். மகளுக்கு, அதாவது என் மனைவிக்கு, துடைக்கத் துணி கொடுத்தார். "இந்த வண்டி பொம்பளப் பிள்ளை கைக்கு அடங்காது" என்பது அவருடைய தீர்ப்பு. அதற்கு மேல்முறையீடு கிடையாது.

அந்தப் பொம்பளப் பிள்ளை வளர்ந்து டிரைவிங் ஸ்கூல் நடத்தினாள். எங்கள் ஊரில் ஒழுங்காக ரிவர்ஸ் எடுக்கிற யாரைப் பார்த்தாலும், இவளிடம் திட்டு வாங்கியவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். தெருவில் இவள் எதிரே வந்தால் பழைய மாணவர்கள் தன்னிச்சையாகத் தோளில் சீட் பெல்ட்டைத் தேடுவார்கள், நடந்து போகிறவர்கள்கூட. ஆனாலும் அப்பாவின் வண்டியை மட்டும் அவள் ஓட்டியதே இல்லை. மாமனார் போன பிறகு கார் மகனுக்குப் போயிற்று. அவன் இருப்பது அடுக்குமாடி வீடு. நிறுத்த இடம் கிடையாது. எங்கள் ஷெட்டில் தார்ப்பாயைப் போர்த்திவிட்டுப் போனான்.

போன மாதம் கண் டாக்டர் அவள் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, விழித்திரை நைந்துகொண்டே வருகிறது என்றார். அடுத்த பரிசோதனைவரை பகலில் மட்டும் ஓட்டலாம், அதன் பிறகு ஸ்டியரிங்குக்கு ஒரு கும்பிடு போட்டுவிட வேண்டும். அவள் வீட்டுக்கு வந்து கைப்பையை மேஜையில் வைத்தாள்.

"ஏங்க, அப்பா வண்டியை ரெடி பண்ணுங்க. கண்ணு போறதுக்குள்ள அதை ஒரு தடவை நான் ஓட்டணும்."

"ஓட்டிடலாம்."

"பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாக்கறது இல்ல. நான் ஓட்டணும்."

"சரிம்மா."

"சரின்னு சொல்லிட்டு தூங்கப் போயிடாதீங்க."

நான் தூங்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். திரும்பி ஷெட்டுக்குப் போனேன்.

இந்த இடத்தில் என் தகுதியைச் சொல்லிவிடுவது நல்லது. நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். நான் சரிசெய்த ஒரு லிஃப்ட், ஆறு மாடிக் கட்டடத்தில் ஏழாவது மாடியில் போய் நின்றது. அந்த மாடியைக் கட்டி முடிக்கும்வரை உள்ளே இருந்தவர் பொறுமையாகக் காத்திருந்தார். அப்படிப்பட்ட கை இது. லிஃப்ட் வேலையில் முதல் பாடம் ஒன்று உண்டு: அசையக்கூடிய எதையும் முதலில் அசையாமல் கட்டிப்போடு, பிறகு கையை வை. அந்தப் பாடத்தால்தான் நான் இன்றும் பத்து விரலோடு இருக்கிறேன். அந்தப் பாடத்தால்தான் இந்தக் காரிடம் நாறிப்போனேன்.

என் மச்சான் ரேடியோ ரிப்பேர்காரன். காதருகே நரைத்த முடியிலும் ஈயம் உருக்கும் வாசனை வரும். கார் அவனுடையது என்பதால் அவனும் தினம் வந்தான். வண்டிக்குள் கரண்ட் சம்பந்தப்பட்ட எல்லாம் தன் இலாகா, மற்றதெல்லாம் என் இலாகா என்று வந்த அன்றே பிரித்துவிட்டான். இன்ஜினில் பொறி தட்டுகிற பகுதி யாருடைய இலாகா என்பதில்தான் எல்லைத் தகராறு.

மெனக்கெட்டு எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மாட்டி, அவன் உள்ளே இருந்த பழைய ஒயர்களை எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு அழகாகப் புது ஒயர் வைத்து ஈயம் பற்றவைத்து, ஒரு திங்கட்கிழமை காலையில் ஸ்டார்ட் செய்தோம். இன்ஜின் பாடியது. பானெட்டின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தேன். தண்ணீர் அசையவில்லை. டம்ளரில் விழுந்த ஈ ஒன்று அதிலேயே தூங்கிவிட்டது.

ரோட்டுக்கு எடுத்துப் போனேன். பேக்கரி தாண்டி, பள்ளிக்கூடம் தாண்டி, நேர் ரோடு பிடித்ததும் ஆரம்பித்தது. டபக். டபக் டபக். பிறகு டமார். மெக்கானிக்குகள் இதை "மிஸ்ஸிங்" என்பார்கள். நான்கு சிலிண்டரும் முறை வைத்து வெடிக்க வேண்டிய இடத்தில், ஏதாவது ஒன்று வெடிக்காமல் டிமிக்கி கொடுப்பது. முதுகில் யாரோ முழங்கையால் இடிப்பதுபோல் வண்டி குலுங்கும். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். ஒருவர் கையை நீட்டி, "பெரியவரே, வண்டிக்கு இருமல் மருந்து குடுங்க" என்றார்.

ஷெட்டுக்குத் திரும்பி மறுபடி சோதித்தேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றினால், டிமிக்கி கொடுப்பது எது என்று தெரிந்துவிடும். கழற்றியும் சத்தம் மாறவில்லை என்றால் அதுதான் தூங்குமூஞ்சி. கழற்றினேன். நான்கும் சுறுசுறுப்பாக இருந்தன. ரோட்டில் இருமிய வண்டி ஷெட்டில் பரம சாதுவாக நின்றது. ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் வலி போய்விடுகிற ஆளைப்போல.

சாயங்காலம் மச்சான் வந்து, "தள்ளுங்க அத்தான், நான் பாக்கறேன்" என்று எடுத்துக்கொண்டு போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"என்ன மிஸ்ஸிங்? ஒண்ணும் இல்லையே."

"நேர் ரோட்டுக்குப் போனியா?"

"போனேன். பாலத்து மேட்டுல ஏத்தினேன். அம்பு மாதிரி போச்சு."

"எனக்கு இருமிச்சே."

"வண்டிக்கு ஆளைத் தெரியுது அத்தான்."

அன்றிலிருந்து என் நிம்மதி போயிற்று. நான் ஓட்டினால் இருமும். அவன் ஓட்டினால் பாடும். நான் பிளக்கை மாற்றினேன், காயிலை மாற்றினேன், கண்டன்சரை மாற்றினேன். பொறியை நான்கு சிலிண்டருக்கும் பங்கு போடுகிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் முடி அளவு விரிசல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பெட்ரோல் டேங்கைக் கழற்றிக் கழுவினேன். அதிலிருந்து துரு வந்தது, ஒரு பழைய பட்டன் வந்தது. டேங்குக்குள் சட்டை போட்டுக்கொண்டு போனவர் யார் என்பது இன்றுவரை தெரியவில்லை. எல்லாம் முடித்து ரோட்டுக்கு எடுத்தால், டபக். டமார்.

முக்குக் கடை மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். நல்ல பையன். கையில் ஒரு சின்ன டிவி மாதிரி கருவி வைத்திருந்தான். காரைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"சார், இதை எங்க சொருகறது?"

"எங்கேயும் சொருக முடியாது தம்பி. இந்த வண்டி செய்யும்போது சொருகற விஷயமெல்லாம் வரலை."

"அப்ப வண்டிக்கு என்னன்னு வண்டி எப்படி சொல்லும்?"

"சொல்லாது. அதுதானே பிரச்சினை."

அவன் போய்விட்டான். காரைவிட என்னைத்தான் அதிகம் பரிதாபமாகப் பார்த்தான்.

இதற்கிடையில் ஒரு மர்மம். நான் காலையில், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பொறியைக் கிளப்பும் பாயிண்டின் இடைவெளியைப் புத்தகத்தில் போட்டிருக்கிறபடி தகடு வைத்து அளந்து வைப்பேன். மறுநாள் பார்த்தால் அது கூடியிருக்கும். திரும்பக் குறைப்பேன். மறுநாள் திரும்பக் கூடியிருக்கும். ஷெட்டில் ஏதோ பேய் இருக்கிறது, அதுவும் கைத்தொழில் தெரிந்த பேய் என்ற முடிவுக்கு வந்து, சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல. நீங்க மத்தியானம் தூங்கறப்ப என் தம்பி வந்து திருப்பிட்டுப் போறான். ஜன்னல் வழியா தினமும் பாக்கறேன்."

"இத்தனை நாளா சொல்லலையே!"

"சொன்னா? அவன்கிட்ட நீங்க சண்டைக்குப் போவீங்க, அவன் உங்ககிட்ட சண்டைக்கு வருவான், அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டு, உனக்கென்ன தெரியும்னு என்னைக் கேப்பீங்க. வெள்ளிக்கிழமை எனக்கு கண் டாக்டர். இன்னைக்குப் புதன். வண்டி எங்க இருக்கு? ஷெட்டுல. வாயைப் பொளந்துக்கிட்டு."

"நீ இப்பவே வேணா ஓட்டிப் பாரேன். இருமினா இருமட்டும்."

"இருமற வண்டியை நான் ஓட்டமாட்டேன்." அவள் தட்டைத் தள்ளிவைத்தாள். "நடு ரோட்டுல அது நின்னுச்சுன்னா, பாத்தியா, பொம்பளை கைக்கு அடங்கலைன்னு செத்துப்போன மனுஷன் மேல இருந்து சொல்வாரு. எனக்கு ஒரே ஒரு தடவைதான் ஓட்டணும். ஒழுங்கா ஓட்டணும். நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஸ்பேனரை வெச்சுக்கிட்டு என் நாளைத் தின்னுக்கிட்டு இருக்கீங்க."

எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் குரல் உயரவே இல்லை என்பதுதான் காரணம். உயர்ந்திருந்தால் பழக்கப்பட்ட விஷயம், சமாளித்திருப்பேன்.

மத்தியானம் மச்சான் பூனை மாதிரி ஷெட்டுக்குள் நுழைந்தபோது நான் காரின் பின்சீட்டில் படுத்திருந்தேன். அவன் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து ஸ்க்ரூவில் கை வைத்ததும் எழுந்து உட்கார்ந்தேன். அவன் துள்ளிய துள்ளலில் பானெட் தலையில் இடித்தது. அந்தப் பள்ளம் பானெட்டில் இன்னும் இருக்கிறது. அவன் தலையில் ஒன்றும் ஆகவில்லை.

"திருட்டுப் பயலே!"

"யாரு திருடன்? என் வண்டி இது!"

"நான் அளந்து வெச்சதை எதுக்குடா மாத்தறே?"

"உங்க அளவு தப்பு அத்தான்! காதால கேட்டு வைக்கணும். நான் வெச்சா ஓடுது, நீங்க வெச்சா இருமுது."

"நீ வெச்சதோட நான் ஓட்டினப்பவும் இருமிச்சு!"

"அப்ப உங்களுக்கு ஓட்டத் தெரியலை!"

சத்தம் கேட்டு அவள் ஷெட் வாசலுக்கு வந்தாள். செருப்பு போட்டிருந்தாள், கைப்பை வைத்திருந்தாள். பின்கதவைத் திறந்து நடுவில் உட்கார்ந்தாள்.

"கிளப்புங்க. முதல்ல அவர் ஓட்டட்டும். அப்புறம் நீ ஓட்டு. ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது."

கிளம்பினோம். நான் ஓட்டினேன். நான் எப்போதும் நிதானமாக ஓட்டுகிறவன். முந்திப் போகிற சைக்கிள்காரர்கள் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். நேர் ரோட்டில் டபக் டபக் என்று இருமியது. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. பாலத்தருகே மச்சானிடம் கொடுத்தேன். அவன் உட்கார்ந்ததும் மிதித்தான். வண்டி சீறியது, மேட்டில் ஏறியது, இறங்கியது. ஒரு இருமல் இல்லை. அவன் திரும்பி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். அந்தப் புருவத்தைச் சிரைத்துவிடலாமா என்றிருந்தது.

"நிறுத்து" என்றாள். அவன் ஓரமாக நிறுத்தினான். "உங்க ரெண்டு பேர் மூஞ்சியையும் நான் பாக்கலை. காலைத்தான் பாத்துட்டு வந்தேன். அவர் ஆக்சிலேட்டரை முட்டை மேல வெச்ச மாதிரி அரைக்கால் வெச்சு, அப்படியே பிடிச்சுக்கிட்டு ஓட்டறாரு. நீ ஒண்ணு தரை வரைக்கும் மிதிக்கறே, இல்லாட்டி மொத்தமா எடுத்துடறே. நடுவுல நிக்கறதே இல்ல. இந்த மாதிரி மிதிச்சா எங்கிட்ட லைசென்ஸ் வாங்க முடியாது, அது வேற. இப்ப நீ அரைக்கால் வெச்சுப் பிடி."

"எதுக்குக்கா?"

"பிடிடா."

அவன் மறுபடி கிளம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு அரைக்கால் வைத்துப் பிடித்தான். டபக். டபக் டபக். டமார்.

மச்சானின் புருவம் இறங்கிய வேகத்தை நான் வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டேன். ஆனால் அனுபவிக்க நேரம் இல்லை. அரைக்கால் என்றதும் எனக்கு உறைத்துவிட்டது. இன்ஜின் காற்றை இழுக்கிற இழுப்பு, ஒரு மெல்லிய குழாய் வழியாக டிஸ்ட்ரிபியூட்டருக்கும் வரும். அதற்குள் ஒரு தட்டு இருக்கிறது. இழுப்பு வந்தால் தட்டு கொஞ்சம் திரும்பும். பொறி சற்று முன்கூட்டியே தட்டும். முழுக்க மிதித்தால் இழுப்பு விழுந்துவிடும், தட்டு பழைய இடத்துக்கு வந்துவிடும். சும்மா நின்று ஓடும்போதும் இழுப்பு இல்லை. அரைக்காலில்தான் தட்டு நன்றாகத் திரும்பி நிற்கும்.

ஷெட்டில் ஏன் இருமவில்லை? ஷெட்டில் சோதிக்கும்போதெல்லாம் அந்தக் குழாயை நான்தான் கழற்றி, வாயை அடைத்துவைத்தேன். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. லிஃப்ட் மெக்கானிக் புத்தியும் அதைத்தான் சொல்லும். அசைகிறதைக் கட்டிப்போட்டுவிட்டு, நோய் எங்கே நோய் எங்கே என்று தேடியிருக்கிறேன். ரோட்டுக்குக் கிளம்பும்போது பொறுப்பாகக் குழாயைத் திரும்ப மாட்டி, நோயை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

பானெட்டைத் திறந்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கார்புரேட்டரில் இருந்து குழாயைப் பிடுங்கி மச்சானிடம் நீட்டினேன்.

"வாயில வெச்சு உறிஞ்சு."

"என்னது?"

"இளநீர் குடிக்கற மாதிரி இழு. எனக்கு பல்செட்டு. நான் இழுத்தா பல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள போயிடும்."

அவன் அக்காவைப் பார்த்தான். அவள், "இழுடா" என்றாள். நடுரோட்டில் குனிந்து காருக்கு வாய் வைத்து உறிஞ்சினான். டபக். இன்ஜின் செத்துப் பிழைத்தது. விட்டான், பாடியது. உறிஞ்சினான்; இருமியது. ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னல் எல்லாம் தலைகள். மச்சான் குழாயை வாயிலிருந்து எடுக்காமலே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இன்ஜினை அணைத்து மூடியைக் கழற்றினோம். உள்ளே அந்தத் தட்டுக்கும் வெளித் திருகுக்கும் நடுவே விரல் நீள ஒயர் ஒன்று. சிவப்பு, பளபளப்பு, முனையில் முத்துப்போல ஈயம். மச்சான் தன் கையால் வைத்தது. நக நுனியால் தொட்டேன். மேல் உறை முழுசாக இருந்தது. உள்ளே இருந்த கம்பி முறிந்து கிடந்தது. தட்டு திரும்பாதபோது முறிந்த முனைகள் இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கும், திரும்பினால் பிரியும், பொறி டிமிக்கி கொடுக்கும்.

"இது என்ன ஒயர் மச்சான்?"

அவன் கழற்றிய மூடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

"இது என்ன ஒயர்னு கேட்டேன்."

"ரேடியோ ஒயர்." தொண்டையைச் செருமினான். "ஒத்தைக் கம்பி. ரேடியோவுக்குள்ள வெச்சா அம்பது வருஷத்துக்கு அசையாது அத்தான்."

"ரேடியோவுக்குள்ள எதுவும் திரும்பாது. இங்க நிமிஷத்துக்கு நூறு தடவை திரும்புது. ஒத்தைக் கம்பி வளைஞ்சு வளைஞ்சு முறியாம என்ன செய்யும்?"

"நீங்க தினம் மூடியைத் திறந்து பாத்தீங்களே. பூதக்கண்ணாடி எல்லாம் வெச்சுக்கிட்டு."

பார்த்தேன்தான். பார்த்து, ஆஹா, ஈயம் எவ்வளவு நேர்த்தி என்று மனசுக்குள் மெச்சியும் இருக்கிறேன். அதை இப்போது சொல்ல எனக்கென்ன தலையெழுத்தா?

"முடிஞ்சுதா உங்க பட்டிமன்றம்?" என்றாள் அவள். "மாத்த முடியுமா, முடியாதா?"

அந்த இடத்துக்குப் பல நூல் சேர்ந்த துவளும் ஒயர் வேண்டும். கடைக்குப் போய் வரச் சாயங்காலம் ஆகிவிடும். அதற்குப் பிறகு அவள் கண்ணுக்கு ரோடு மங்கும். மச்சான் பானெட்டுக்குள் தலையை விட்டு அங்குமிங்கும் துழாவினான். மாற்றாமல் விட்டிருந்த, ஹாரனுக்குப் போகிற பழைய ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். துவண்டது. பாக்கெட்டிலிருந்து கட்டரை எடுத்து ஒரு துண்டு வெட்டினான். இரண்டு முனையையும் சீவி, வளையமாக முறுக்கி, திருகுக்கு அடியில் கொடுத்து இறுக்கினான். அந்த நேரத்தில் அவன் கை வேலை செய்த அழகுக்கு எதையும் மன்னிக்கலாம். பாதியை மன்னித்தேன்.

மூடியை மாட்டி ஸ்டார்ட் செய்து மறுபடி உறிஞ்சினான். இன்ஜின் அசைந்து கொடுக்கவில்லை. இன்னும் பலமாக உறிஞ்சினான், கன்னம் ஒட்ட. அது பாட்டுக்குப் பாடியது. குழாயை அதன் இடத்தில் மாட்டி பானெட்டைச் சாத்தினேன்.

"அக்கா, ஹாரன் அடிக்காது" என்றான்.

"எனக்கு ஹாரன் எதுக்கு? இறங்கி நில்லுங்க ரெண்டு பேரும்." அவள் ஏற்கெனவே முன்சீட்டில் இருந்தாள். சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள், கைப்பையைப் பக்கத்தில் வைத்தாள்.

"நான் பக்கத்துல உக்காந்துக்கறேனே. கியர் கொஞ்சம் மக்கர் பண்ணும்" என்றான் மச்சான்.

"உனக்கு அப்பா பக்கத்துல உக்காந்தாரு. எனக்கு யாரும் வேண்டாம்."

கதவைச் சாத்தினாள். வண்டி நகர்ந்த விதத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். நின்றது எப்போது, நகர்ந்தது எப்போது என்று அதற்கே தெரியாது. நேர் ரோட்டில் அரைக்காலைப் பிடித்துக்கொண்டு போனாள். நாங்கள் இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டோம். டபக் இல்லை. சத்தம் மெலிந்து மெலிந்து, வளைவில் திரும்பி மறைந்தது.

காத்திருந்தோம். வரவில்லை.

"கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்புவா" என்றேன்.

"இவ்வளவு நேரமாவா? நின்னுடுச்சா அத்தான்? திருகை நான் இறுக்கினேனே."

"உன் இறுக்கு."

"உங்க பல்செட்டு."

வெயில் சாய ஆரம்பித்தது. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தோம். அவன் எழுந்தான், நான் உட்காரச் சொன்னேன். நான் எழுந்தேன், அவன் உட்காரச் சொன்னான். போன பஸ் திரும்பி வந்தது. ஜன்னலில் இருந்த ஒருவர் மச்சானை அடையாளம் கண்டு கையாட்டினார். கடைசியில் வளைவில் அந்தத் தொந்தி தெரிந்தது. வந்தது. எங்களை நோக்கி வந்தது. எங்களைத் தாண்டிப் போய்விட்டது. அவள் எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. தூரத்தில் போய்த் திரும்பி மறுபடி வந்து, எங்கள் கால் விரலுக்கு அருகில் நிறுத்தினாள்.

முகம் கடுகடுவென்று இருந்தது.

"என்னாச்சும்மா? இருமிச்சா?"

"இருமலை." ஸ்டியரிங்கை ஒரு தட்டுத் தட்டினாள். "இதுக்கா? இதுக்காடா அந்த மனுஷன் அந்த அலட்டல் அலட்டினாரு? கிளட்ச் அம்மிக்கல்லு. பிரேக் மிதிச்சா யோசிச்சுட்டு நிக்குது. வளைச்சா தோள்பட்டை கழண்டு போகுது. ரெண்டாவது கியர் எங்க இருக்குன்னு அதுக்கே தெரியலை. இதைத்தான் எனக்குத் தரமாட்டேன்னு அத்தனை வருஷம் பூட்டி வெச்சாரா?"

மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் விடவில்லை.

"என் ஸ்கூல் வண்டி இப்படி இருந்திருந்தா பழைய இரும்புக்குப் போட்டிருப்பேன். இத்தனை வயசுக்கு இதுக்குப் போய் ஏங்கிட்டேனே."

"அப்ப இறங்கு, வீட்டுக்கு நான் ஓட்டறேன்" என்றேன்.

"ஏன்?" என்றாள். கை ஸ்டியரிங்கை விடவில்லை. "நாளைக்கு வியாழக்கிழமை இருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் டாக்டர். காலையில எடுத்தேன்னா அந்த ரெண்டாவது கியருக்கு ஒரு வழி பண்ணாம விடமாட்டேன். பின்னாடி ஏறுங்க. ஏறும்போது கதவை ஓங்கி அடிக்காதீங்க."

ஏறினோம். மெதுவாகத்தான் சாத்தினோம். முதல் சந்திப்பில் ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது. அவள் ஜன்னலை இறக்கி ஒரே ஒரு பார்வை பார்த்தாள். ஆட்டோ அப்படியே ரிவர்ஸில் போய்விட்டது.